ஈராசிரியர் பள்ளியில் அம்மாக்களுக்கு என்ன வேலை?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பெரிய ரோட்டை விட்டு மயிலம் பக்கமாக உள்ளே திரும்பினால், வேர்க்கடலைக் கொல்லையும் சவுக்குத் தோப்புமாகச் சின்னச் சின்ன ஊர்கள் வரும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கும். எங்கள் ஊரிலும் இருக்கிறது. இரண்டு வகுப்பறை, ஒரு சத்துணவுக் கூடம், ஒரு வேப்பமரம், ஒரு அடி பம்பு. பிள்ளைகள் 37 பேர். ஆசிரியர்கள் இரண்டே பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது சட்டம். ஐந்து வகுப்பையும் அவர்கள் இருவரும்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஊர்ப் பேரை எழுதாதீங்கம்மா, அப்புறம் ஆளாளுக்கு வந்து போட்டோ எடுப்பாங்க" என்று எங்கள் பெரிய டீச்சர் கேட்டுக்கொண்டார். தலைமை ஆசிரியையை ஊரில் அப்படித்தான் சொல்வது வழக்கம். அதனால் பெயரை விட்டுவிட்டேன். அக்கம் பக்கத்துக்காரர்கள் படித்தால் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அது வேறு விஷயம்.

இந்தப் பள்ளியில் எனக்கு என்ன பாத்தியதை என்று கேட்பீர்கள். என் இரண்டாவது பையன் அங்கே மூன்றாவது படிக்கிறான். நான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. தலைவி என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளம் கிடையாது, தனி நாற்காலி கூடக் கிடையாது. 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிக்கெல்லாம் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நம் தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் தாய்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2022-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள்.

சட்டம் வந்த நாளிலேயே எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் பல வருஷம் அந்தக் குழு ஒரு கோடு போட்ட நோட்டுக்குள்தான் இருந்தது. நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டால் திரும்பிப் போகும். "இன்னாத்துக்குக்கா கையெழுத்து?" என்று கேட்டால், "தெரியல, போடச் சொன்னாங்க" என்பார்கள். அவ்வளவுதான்.

என்னைப் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு உள்ளே இழுத்தது கொரோனாதான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தது. இரண்டாவது படிக்க வேண்டிய பிள்ளை 'அ' எழுதக் கையைப் பிடித்துவிடச் சொன்னது. அந்தச் சமயத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டம் வந்தது. 2021 அக்டோபர் 27-ந் தேதி முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்த இடம் எங்கள் விழுப்புரம் மாவட்டம்தான். மரக்காணம் பக்கத்தில் இருக்கிற முதலியார்குப்பம். முதலில் 12 மாவட்டங்களில் நடந்தது, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. பிளஸ் டூ முடித்தவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1000 ரூபாய். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்யாணத்துக்கு அப்புறம் சர்டிபிகேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள். நானும் அவர்களில் ஒருத்தி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்தால் பிள்ளைகள் வந்து உட்காரும். மாமியார் முதலில் முணுமுணுத்தார். பத்து நாள் கழித்து அவரே சுண்டல் அவிக்க ஆரம்பித்தார்.

அதே பிள்ளைகள் பள்ளியில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் முதலில் உள்ளே போனேன். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்திருந்தது. வயதுப்படி அல்லாமல் பிள்ளைக்குத் தெரிந்த அளவுப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஆட்டம் பாட்டமாகச் சொல்லிக் கொடுப்பது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கிற பள்ளிக்கு இது தோதாகத்தான் இருக்கிறது. ஆனால் சாமான் நிறைய வேண்டும்: எண்ண, அடுக்க, பிரிக்க, சேர்க்க. டீச்சர் எங்களைக் கேட்டார். நாங்கள் ஆளுக்கு ஒரு படி வேர்க்கடலை கொடுத்தோம். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான கடலை ரகங்களுக்கு ஊர்ப் பெயரை வைத்தே டி.எம்.வி. என்று எழுத்துப் போடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கடலைதான் கூட்டலும் கழித்தலும். கழித்ததை வாயில் போட்டுக்கொள்வார்கள், அதை டீச்சர் கண்டுகொள்வதில்லை.

இனி சாப்பாட்டு விஷயம். வாசகிகளுக்கு இதுதான் ருசியாக இருக்கும் என்று தெரியும்.

மதியச் சத்துணவு நமக்குப் பழைய கதை. காமராஜர் காலத்தில் 1956-ல் தொடங்கியது, 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக்கினார். இப்போது முட்டையோடு கிடைக்கிறது. காலைச் சாப்பாடுதான் புதிது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று, கூடவே காய் போட்ட சாம்பார். ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், பருப்பு 15 கிராம் என்று கணக்கு.

கிராமத்தில் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, சமைக்கிறவரின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்கிற விதி. தன் பிள்ளை தட்டிலும் விழப்போகிற உப்புமாவை யாராவது அலட்சியமாகக் கிண்டுவார்களா? எங்கள் பள்ளியில் சமைக்கிற பெண் விடியற்காலை அஞ்சரைக்கெல்லாம் வந்துவிடுவாள். எட்டரைக்குள் பந்தி. குழுவில் இருக்கிற அம்மாக்கள் முறை வைத்து, நாளுக்கு ஒருத்தியாகப் போய் முதல் கரண்டியை ருசி பார்க்கிறோம். ஆரம்பத்தில், "எங்க கை மேல நம்பிக்கையில்லியா?" என்று அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். இப்போது யாரும் வராவிட்டால், "இன்னிக்கு யாரு மொற? உப்பு பாக்க ஆளக் காணமே" என்று அவளே ஆள் அனுப்புகிறாள்.

இதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் காலையில் என்ன சாப்பிட்டார்கள்? நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆறு மணிக்கே கிளம்புகிற வீடுகளில், ஒரு டம்ளர் டீயும் பொறையும்தான். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் மதியம் வரை அதோடு இருக்கும். பதினொரு மணிக்கு மேசையில் தலை சாயும், டீச்சர் தூங்குமூஞ்சி என்று நினைப்பார். பசி என்று சொல்லத் தெரியாத வயசு. டீயில் இன்னொரு கெடுதலும் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், அந்தச் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. பாதிக்கு மேல்! அந்தப் பிள்ளைகள்தான் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். அதனால் பள்ளியில் சாப்பிட்டாலும் வீட்டில் நம் பங்கு இருக்கிறது: பிள்ளைக்கு டீ வேண்டாம், வாரத்தில் இரண்டு நாளாவது முருங்கைக்கீரை, கீரையோடு ஒரு எலுமிச்சை மூடி பிழிந்தோ, ஒரு நெல்லிக்காய் கடித்தோ. புளிப்பில் இருக்கிற வைட்டமின் சி, இரும்பை உள்ளே இழுக்கும்.

இந்த மாதம் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக வருஷத்தில் இரண்டு தடவை. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தின்ன வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்துத் தாய்மாராவது பிள்ளையை அன்றைக்கு மட்டும் வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். "மாத்திரை போட்டா வாந்தி எடுக்குதாம், மயக்கம் வருதாம்" என்று பயம். நானும் கிராம நர்ஸ் அம்மாவும் முதல் நாள் தெருத் தெருவாகப் போய்ச் சொன்னோம். வயிற்றில் புழு அதிகமாக இருக்கிற சில பிள்ளைகளுக்கு லேசாகக் குமட்டலோ வயிற்று வலியோ வரலாம், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். காய்ச்சலோடு இருக்கிற பிள்ளைக்கு அன்றைக்குக் கொடுக்க மாட்டார்கள். விடுபட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் இருக்கிறது. ஊட்டுகிற சோற்றில் பாதியைப் புழு தின்றால் பிள்ளை எப்படித் தேறும்? இந்த முறை இரண்டு பேர்தான் வரவில்லை. இரண்டும் கல்யாணத்துக்கு விழுப்புரம் போயிருந்த பிள்ளைகள்.

மாத்திரையும் உப்புமாவும் சுலபம், கட்டடம்தான் கஷ்டம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை ஏறியது ஞாபகம் இருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் பள்ளியில் முழங்கால் அளவு தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த புத்தகமெல்லாம் கூழ். தண்ணீர் வடிந்ததும் பள்ளியைத் திறக்கும் முன்னால் நாங்கள் பதினாறு பேர் போனோம். சேற்றை வழித்தோம், குடிதண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். மின்சார ஸ்விட்சுகளைக் காய வைத்து ஆள் பார்த்த பிறகுதான் போட வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தோம். சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைக்கு அடியில் ஒரு கட்டுவிரியன் இருந்தது. அதை எடுத்து விட்டது எங்கள் ஊர் இருளர் தெருப் பெரியவர். கையை மெல்ல நீட்டிப் பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி எங்களை உலுக்கியது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில், கழிவுநீர்த் தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்து இற்றுப்போயிருக்க, அதன் மேல் கால் வைத்த சின்னக் குழந்தை உள்ளே விழுந்து இறந்துபோனது. எங்கள் ஊரிலிருந்து அது எட்டின தூரம்கூட இல்லை. அன்று ராத்திரி பெற்ற வயிறுகள் எல்லாம் தூங்கவில்லை. மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமலே அம்மாக்கள் பள்ளிக்கு வந்து நின்றார்கள். கழிப்பறைக்குப் பின்னால் புல்லை விலக்கிப் பார்த்தோம். எங்கள் தொட்டி மூடி சிமென்ட் பலகைதான், ஆனால் ஒரு மூலையில் விரிசல். அன்றைக்கே முள் வெட்டிப் போட்டு மறைத்தோம். குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, கிராம சபையிலும் சொல்லி, புதுப் பலகை போட ஏழு வாரம் ஆயிற்று. ஏழு வாரமும் இடைவேளை நேரத்தில் ஒரு அம்மா அங்கே காவல் நின்றாள். டீச்சர்கள் இருவரும் ஐந்து வகுப்பைப் பார்ப்பார்களா, தொட்டியைப் பார்ப்பார்களா? நீங்கள் எந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினாலும், கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போதே தொட்டி எங்கே, கிணறு எங்கே, மூடி எப்படி என்று போய்ப் பாருங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது எங்களுக்கு இருக்கிற கவலை வேறு. பொங்கல் கழிந்ததும் கரும்பு வெட்டு. எங்கள் ஊர் இருளர் குடும்பங்களில் சிலது கூலி முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் போய்விடும். பிள்ளைகளும் கூடவே போகும். திரும்புவதற்கு ஏப்ரல் ஆகிவிடும். அதற்குள் எழுத்து மறந்து, அடுத்த வருஷம் பள்ளிக்கு வரக் கூச்சப்பட்டு, அப்படியே நின்றுவிடும். இந்தப் பக்கத்தில் இது இன்று நேற்று நடப்பதல்ல. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி 1996-ல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோதிருந்து சாதிச் சான்றிதழுக்கும் படிப்புக்கும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். ரோசணையில் அவர் முயற்சியில் உண்டான தாய்த்தமிழ்ப் பள்ளியும் இப்படிப்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்ததுதான். ஆனால் எல்லாப் பிள்ளையும் திண்டிவனம் போக முடியுமா? சொந்த ஊர்ப் பள்ளி பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை. நன்றாகப் பாடும். அதன் அம்மாவிடம் போய், "நீங்க போங்க, புள்ளைய ஆயாகிட்ட உட்டுட்டுப் போங்களேன்" என்றோம். அவள் எங்களைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, அலுப்புதான். "கெழவிக்கே நான்தாம்மா கஞ்சி ஊத்தறேன். இதுக்கு யாரு சோறு போடுவா?" என்றாள். காலையும் மதியமும் பள்ளியில் கிடைக்கிறது. ராத்திரிக்குக் கிழவியின் ரேஷன் அரிசி இருக்கிறது என்று கணக்குச் சொன்னோம். யோசித்தாள். பிறகு கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி: "சனி ஞாயிறு?"

எங்களிடம் பதில் இல்லை. திட்டம் போட்டவர்களுக்கும் அது தோன்றியிருக்காது. கடைசியில் சனிக்கிழமை என் வீடு, ஞாயிற்றுக்கிழமை சமைக்கிற பெண்ணின் வீடு என்று பேசி முடித்தோம். குழந்தை இருக்கிறது. ஆனால் இன்னும் மூன்று பிள்ளைகள் பெற்றோரோடு போய்விட்டன. வருகைப் பதிவேட்டில் அந்த மூன்று பெயருக்கு நேரே நாள்தோறும் சுழி விழுகிறது. வீட்டுக்கு வீடு ஞாயிறு சோறு போட்டு எத்தனை பிள்ளையை நிறுத்த முடியும்? இதை அதிகாரிகள் யோசிக்க வேண்டும். கரும்பு வெட்டுகிற மூன்று மாதத்துக்காவது, அந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாளிலும் ஊரில் ஒரு வேளைச் சோறு கிடைக்க வழி செய்தால் பெரிய செலவாகாது.

அடுத்து ஆண்டு விழா வருகிறது, மார்ச்சில். அரசாங்கம் ஒரு சிறு தொகை கொடுக்கிறது, மிச்சம் ஊர்தான் பார்க்க வேண்டும். போன தடவை வாடகைக்கு ஜிகினா உடை எடுத்ததில் சில வீடுகளுக்குத் தாங்கவில்லை. இந்த முறை வாடகை உடை கிடையாது, அம்மாக்களின் பழைய பட்டிலும் வாயிலிலும் நாங்களே தைக்கிறோம் என்று முடிவு. எங்கள் பக்கம் தெருக்கூத்துக்குப் பேர் போன சீமை. ஊரில் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு கூத்து வாத்தியார், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரக் கூத்துச் சொல்லிக் கொடுக்கிறார். கட்டியங்காரன் வேஷம் ஒரு பெண் பிள்ளைக்கு! "பொட்டப்புள்ள கட்டியங்காரனா?" என்று இரண்டு கிழவர்கள் கேட்டார்கள். வாத்தியார், "வாய் இருக்கிற புள்ளைக்குத்தான் அந்த வேஷம்" என்றுவிட்டார். ஒத்திகைக்கே கூட்டம் கூடுகிறது.

விழாவுக்கு இன்னொரு நோக்கமும் உண்டு, அதை மறைப்பானேன்? மார்ச் பிறந்தால் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற காலம். 2025-ல் தமிழ்நாட்டில் 200-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூட இல்லை என்று கல்வித் துறையே கணக்குச் சொன்னது. எங்கள் பள்ளியிலிருந்து ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்து 9 பேர் போகிறார்கள். ஒன்றாம் வகுப்புக்கு அத்தனை பேராவது வராவிட்டால் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும்.

வீடு வீடாகப் போனால் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? படிப்பு சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. "வேன் வாசல்ல வந்து நிக்குது", "ஷூ, டை போட்டா ஒரு அழகு", "மூணு வயசுலயே எல்.கே.ஜி. சேத்துட்டோம், இப்ப மாத்தினா அழுவான்." கடைசிக் காரணம்தான் உண்மையான காரணம் என்று எனக்குப் படுகிறது. எங்கள் பள்ளி ஐந்து வயதில் கதவைத் திறக்கிறது. அவர்கள் மூன்று வயதிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இன்னும் சில பேர் கெட்டிக்காரர்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் போதும் என்று விசாரித்து வைத்திருக்கிறார்கள். "ஆறாவதுக்கு வந்துடறோம்க்கா" என்று சிரிக்கிறார்கள். ஆறாவதில் அவர்கள் சேரப்போவது வேறு பள்ளி. ஐந்தாவது வரை இருக்கிற எங்கள் பள்ளிக்கு அதில் என்ன லாபம்?

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் குழுக் கூட்டம். பேச வேண்டியது மூன்று: பின்பக்கச் சுவரில் இடிந்த பாகம், கூத்துக்கு விளக்கு வாடகை, கரும்பு வெட்டுக்குப் போன மூன்று பிள்ளைகள் ஏப்ரலில் திரும்பினால் அவர்களுக்குச் சாயங்காலம் யார் திண்ணையில் பாடம் என்பது. புதுச் சேர்க்கைக்கு இதுவரை 4 வீட்டில் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். மேற்குத் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளைகள் மூன்று பேர் இருப்பதாக அங்கன்வாடி டீச்சர் சொன்னார். நாளைக்குச் சாயங்காலம், களையெடுப்பு முடிந்து ஆட்கள் வீடு திரும்பின பிறகு, அங்கே போகிறோம்.